பெரிய விபத்துக்குப் பிறகு அமெரிக்காவில் டிரக் வேலை தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சிடிஎல், அதாவது பெரிய வணிக வண்டிகளுக்கான லைசன்ஸ், எடுத்து டிரக் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பெரிய விபத்தில் வேலையை இழந்து, விண்ணப்பம் போட்ட இடத்திலெல்லாம் "வருந்துகிறோம்" என்ற பதிலையே வாங்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு வதைக்கும் என்று எனக்குத் தெரியும். டிரைவர்களை வேலைக்கு எடுக்கும் மேசையில் உட்கார்ந்து அப்படிப்பட்டவர்களின் விண்ணப்பங்களைப் படித்தவன் நான். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. விதி என்று நான் சொல்வதெல்லாம் ஃபெடரல் விதி, அதாவது அமெரிக்க மத்திய அரசின் விதி. எங்கே தேடுவது, எப்படிப் பேசுவது என்கிற இடங்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும்.

இனிமேல் நான் டிரக் ஓட்டவே முடியாதா?

முடியும். சட்டப்படி ஓட்டத் தகுதி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, கம்பெனி எடுத்துக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். விபத்து நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஃபெடரல் விதிகள் யாருடைய சிடிஎல்லையும் முடக்குவதில்லை. அதையொட்டி எந்தக் குற்றம் உங்கள்மேல் நிரூபணமானது என்றுதான் பார்க்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டியது, விபத்து நடந்த இடத்தை விட்டுப் போனது, டிரக்கை அலட்சியமாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தியது ஆகியவை பெரிய குற்றங்கள். முதல் முறைக்கு 1 ஆண்டு தடை. அபாயகரமான சரக்கு ஏற்றியிருந்தால் 3 ஆண்டு. இரண்டாம் முறை என்றால் வாழ்நாள் தடை.

அதற்கு அடுத்த படியில், அனுமதித்த வேகத்துக்கு மேல் மணிக்கு 15 மைல் அல்லது கூடுதலாகப் போனது, முன்னால் போகும் வண்டியை ஒட்டியே ஓட்டியது, முறையில்லாமல் லேன் மாறியது, கையில் போன் வைத்திருந்தது மாதிரியான குற்றங்கள் வரும். ஒன்றே ஒன்று இருந்தால் இந்த விதிப்படி தடை இல்லை. 3 ஆண்டுக்குள் இரண்டாவது சேர்ந்தால் 60 நாள், மூன்றாவது சேர்ந்தால் 120 நாள்.

இவற்றில் எதுவும் உங்கள்மேல் இல்லையா? அப்படியானால் பொதுவாக உங்கள் லைசன்ஸ் செல்லும். மீதிப் போராட்டம் முழுவதும் கம்பெனிகளோடும் அவர்களுடைய இன்சூரன்ஸோடும்தான்.

எந்த விபத்தெல்லாம் கணக்கில் வரும்?

பார்க்கிங்கில் கண்ணாடி உரசியதெல்லாம் ஃபெடரல் கணக்கில் வராது. மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: யாராவது இறந்திருக்க வேண்டும், அல்லது காயம்பட்ட ஒருவரை உடனே வேறிடத்துக்குக் கொண்டுபோய் சிகிச்சை கொடுத்திருக்க வேண்டும், அல்லது ஏதாவது ஒரு வண்டி ஓட்ட முடியாதபடி சேதமாகி டோ செய்யப்பட்டிருக்க (வேறு வண்டியால் இழுத்துச் செல்லப்பட்டிருக்க) வேண்டும். யார்மேல் தவறு என்பது இந்த வரையறையில் இல்லவே இல்லை. சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்த உங்கள் டிரெய்லரில் வேறொருவர் வந்து மோதி, அவருடைய காரை டோ செய்திருந்தாலும் அது உங்கள் கணக்கில்தான் ஏறும்.

சின்ன உரசல்களையும் சில கம்பெனிகள் தங்கள் கோப்பில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த கம்பெனி கேட்கும்போது சொல்வது உண்டு. அதற்கும் விதியில் இடம் இருக்கிறது.

என் விபத்து எந்தெந்த ஆவணத்தில் இருக்கிறது?

விண்ணப்பம் போடும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதைத் தெரிந்துகொள்வது. பெரும்பாலானவர்கள் இதைச் செய்யாமலேயே பத்து இடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிடுகிறார்கள். கம்பெனிக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர் தன் திரையில் எதைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

முதலாவது, லைசன்ஸ் கொடுத்த மாநிலம் வைத்திருக்கும் உங்கள் ஓட்டுநர் பதிவு, அதாவது எம்விஆர். நிரூபணமான டிராஃபிக் குற்றங்களும் லைசன்ஸ் முடக்கங்களும் அதில் இருக்கும். விபத்து அதில் ஏறுமா, எத்தனை வருடம் நிற்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இரண்டாவது, டிரக் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்எம்சிஎஸ்ஏ என்ற ஃபெடரல் அமைப்பின் பிஎஸ்பி அறிக்கை. மேலே சொன்ன வரையறைக்குள் வரும் விபத்துகள் 5 ஆண்டுக்கும், சாலையோர இன்ஸ்பெக்ஷன்கள் 3 ஆண்டுக்கும் இதில் தெரியும். உங்கள் சம்மதம் இல்லாமல் வேலைக்கு எடுப்பவர் இதைப் பார்க்கக் கூடாது. நீங்களே 10 டாலர் கட்டி உங்கள் அறிக்கையை வாங்கிக்கொள்ளலாம். விபத்து பற்றி அதில் இருப்பது மிகக் கொஞ்சம்தான்: தேதி, இடம், இறந்தவர் எத்தனை பேர், காயம்பட்டவர் எத்தனை பேர், டோ செய்யப்பட்டதா. எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று ஒரு வரிகூட இருக்காது. அந்த வெற்றிடத்தைப் படிப்பவர் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வார். உங்கள் வேலை அந்த இடத்தில்தான்.

மூன்றாவது, டிரைவர்கள் 'டாக்' என்று சொல்லும் அறிக்கை. இதைத் தயாரிப்பது ஹயர்ரைட் என்ற தனியார் நிறுவனம். நீங்கள் முன்பு வேலை பார்த்த கம்பெனிகள் அனுப்பும் விவரங்களைத் தொகுத்து வைத்திருப்பார்கள்: எப்போது சேர்ந்தீர்கள், ஏன் விலகினீர்கள், விபத்து உண்டா, திரும்ப எடுத்துக்கொள்வார்களா. 12 மாதத்துக்கு ஒரு முறை உங்கள் பிரதியை இலவசமாகக் கேட்டு வாங்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது.

நான்காவது, பழைய கம்பெனியின் விபத்துப் பதிவேடு. எல்லா டிரக் கம்பெனியும் விபத்துகளை 3 ஆண்டுக்குப் பதிந்து வைக்க வேண்டும். உங்களை எடுக்கப்போகும் கம்பெனி உங்களுடைய கடந்த 3 ஆண்டு வேலைகளை விசாரித்தே ஆக வேண்டும், பழைய கம்பெனி 30 நாளுக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் மூன்றையும் வாங்கி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தேதி ஒத்துப்போகிறதா, ஒரே விபத்து இரண்டாகப் பதிவாகியிருக்கிறதா, வெறும் டோ மட்டும் நடந்த இடத்தில் 'காயம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

தவறு என்மேல் இல்லை. அப்புறமும் பிஎஸ்பியில் ஏன் இருக்கிறது? எடுக்க வழி உண்டா?

பிஎஸ்பி யார்மேல் தவறு என்று பார்ப்பதில்லை, அதனால்தான் இருக்கிறது. விவரமே தவறு என்றால், அதாவது ஓட்டியது நீங்களே இல்லை, அல்லது காயம் யாருக்கும் இல்லை என்றால், டேட்டாக்யூஸ் என்ற இணையதளத்தில் திருத்தம் கேட்கலாம்.

விவரம் சரி, ஆனால் விபத்தை உங்களால் தவிர்த்திருக்க முடியாது என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. 2020 முதல் எஃப்எம்சிஎஸ்ஏ இதற்கென்றே ஒரு நிரந்தரத் திட்டம் நடத்துகிறது. பின்னாலிருந்து வந்து மோதியது, எதிர்த்திசையில் வந்த வண்டி மோதியது, சட்டப்படி நிறுத்தியிருந்த டிரக்கில் மோதியது, குடித்துவிட்டு வந்தவர் மோதியது, மிருகம் குறுக்கே வந்தது என்று குறிப்பிட்ட வகை விபத்துகளை மட்டும் எடுத்து ஆராய்வார்கள். 2024 டிசம்பரில் இந்த வகைகளை 16-லிருந்து 21 ஆக்கினார்கள். அதே டேட்டாக்யூஸ் தளத்தில் போலீஸ் அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும். தவிர்க்க முடியாத விபத்து என்று முடிவானால் உங்கள் பிஎஸ்பியில் அந்த விபத்தின் அருகே அப்படிக் குறிப்பு வரும். விபத்து மறையாது. ஆனாலும் ஒரு ஃபெடரல் அமைப்பு எழுதிய அந்தக் குறிப்புக்கு நீங்கள் வாயால் சொல்லும் விளக்கத்தைவிடப் பல மடங்கு மதிப்பு. கம்பெனி இதைச் செய்யும் என்று காத்திருக்காதீர்கள். டிரைவரே விண்ணப்பிக்கலாம்.

பழைய கம்பெனி என்னைப் பற்றித் தவறாக எழுதி வைத்திருக்கிறது. என்ன செய்வது?

டாக் அறிக்கையில் தவறு என்றால் ஹயர்ரைட்டிடம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்தாக வேண்டும். நிரூபிக்க முடியாததை நீக்க வேண்டும். விசாரணை உங்களுக்குச் சாதகமாக முடியாவிட்டாலும், உங்கள் தரப்பைச் சுருக்கமாக எழுதிக் கோப்பில் சேர்க்கச் சொல்லலாம்.

பழைய கம்பெனி புதுக் கம்பெனிக்கு நேரடியாகச் சொன்னதில் தவறு என்றால் வேறு வழி. புதுக் கம்பெனி உங்களை நிராகரித்த 30 நாளுக்குள், பழைய கம்பெனி என்ன சொன்னது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்ட 5 வேலை நாளுக்குள் அவர்கள் அதைக் கொடுக்க வேண்டும். அதில் தவறு இருந்தால் பழைய கம்பெனிக்குத் திருத்தம் கேட்டு எழுதுங்கள். 15 நாளுக்குள் அவர்கள் திருத்த வேண்டும், இல்லை திருத்த மாட்டோம் என்று சொல்ல வேண்டும். திருத்த மறுத்தால் உங்கள் மறுப்பை எழுதி அனுப்பலாம். அதன்பின் உங்களைப் பற்றி யார் கேட்டாலும் அந்த மறுப்பையும் சேர்த்துத்தான் அவர்கள் அனுப்ப வேண்டும்.

இந்த உரிமைகள் இருப்பதே பல டிரைவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "எதுக்கு வம்பு" என்று விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடாதீர்கள். கோபம் இல்லாமல், தேதி போட்டு, ஆதாரம் வைத்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

விபத்தைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

கண்டுபிடித்துவிடுவார்கள். மேலே சொன்ன நான்கு இடத்தில் ஏதாவது ஒன்றில் அது தெரியும். விண்ணப்பத்தில் கடந்த 3 ஆண்டு விபத்துகள் எல்லாவற்றையும் தேதி, விபத்தின் தன்மை, உயிரிழப்பு, காயம் ஆகியவற்றோடு எழுத வேண்டும் என்பது ஃபெடரல் விதி. கடைசியில் "எல்லாம் உண்மை, முழுமை" என்று கையெழுத்தும் போடுகிறீர்கள். விபத்து இருக்கிற டிரைவரை எடுக்க இன்சூரன்ஸோடு வாதாடிய சேஃப்டி மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். விபத்தை மறைத்த டிரைவருக்காக வாதாடிய ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் வேலை போகும். அப்போது 'விண்ணப்பத்தில் பொய்' என்ற குறிப்பும் உங்கள் ரெக்கார்டில் சேர்ந்துகொள்ளும். விபத்தைக் காலம் ஆற்றும், அந்தக் குறிப்பை லேசில் ஆற்றாது.

விண்ணப்பம் 3 ஆண்டு என்று கேட்டால் 3 ஆண்டுக்குள் நடந்ததை எழுதினால் போதும். 5 ஆண்டு, 7 ஆண்டு என்று கேட்கும் கம்பெனிகளும் உண்டு. கேள்வியை ஒன்றுக்கு இரண்டு முறை படித்து, கேட்டதற்கு முழுப் பதில் எழுதுங்கள்.

விபத்து பற்றி விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?

விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் ரொம்பச் சின்னதாக இருக்கும். பெரும்பாலான டிரைவர்கள் அதில் 'கார் மீது மோதல்' என்று இரண்டு மூன்று வார்த்தை போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிலர் அரைப் பக்கம் எழுதி, மழையையும், லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சரையும், எதிரே வந்தவரையும் வரிசையாகக் குற்றம் சொல்லியிருப்பார்கள். இரண்டுமே படிப்பவருக்கு உதவாது.

மாதிரிக்கு ஒன்று: "2023 அக்டோபர். ஓஹாயோ, ஐ-70. மழை. முன்னால் போக்குவரத்து திடீரென்று நின்றது. இடைவெளி போதாமல் முன்னால் நின்ற கார்மீது மோதினேன். கார் ஓட்டியவருக்குக் காயம், மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காரை டோ செய்தார்கள். நெருக்கமாகப் பின்தொடர்ந்ததற்கு டிக்கெட், அபராதம் கட்டினேன். விபத்துக்குப் பிந்தைய மது, போதைப்பொருள் டெஸ்ட் நெகட்டிவ். அதற்குப் பின் தற்காப்பு ஓட்டுதல் பயிற்சி முடித்தேன், சான்றிதழ் இணைத்திருக்கிறேன்."

இதில் தேதியும் இடமும் பிஎஸ்பியில் இருப்பதோடு பொருந்தும். காயம் மறைக்கப்படவில்லை. "இடைவெளி போதாமல்" என்ற ஒரு சொல் போதும், இவருக்கு என்ன நடந்தது என்று புரிந்திருக்கிறது என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். கட்டம் போதவில்லை என்றால் தனித்தாளில் எழுதி, போலீஸ் அறிக்கை, நீதிமன்ற முடிவு, பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீட்டு வழக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் இப்படி விளக்கி எழுதும் முன் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். நீங்கள் எழுதியதை எதிர்த்தரப்பு கேட்டு வாங்க முடியும்.

ரெக்ரூட்டரிடம் போனில் எப்போது சொல்வது?

முதல் இரண்டு நிமிடத்துக்குள். "சார், விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், என் பிஎஸ்பில ஒரு விபத்து இருக்கு" என்கிற தொனியில், உங்கள் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அடுத்து மாதம், வருடம், என்ன நடந்தது, டிக்கெட் என்ன ஆனது, அதன்பின் எவ்வளவு நாளாக ரெக்கார்ட் சுத்தம் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். அவர் கேள்வி கேட்கட்டும். "உங்கள் இன்சூரன்ஸ் இப்படிப்பட்ட விபத்துக்கு எத்தனை வருடம் கழித்து அனுமதிக்கும்?" என்று நேராகக் கேளுங்கள். முடியாது என்றாலும் இந்த ஒரு பதிலை வாங்காமல் போனை வைக்காதீர்கள். கம்பெனி பெயர், தேதி, சொன்ன வருடக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் அந்த நோட்டுத்தான் உங்கள் வேலை தேடும் காலண்டர்.

ஒரு விபத்துக்காக ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்?

பழைய விபத்து புதுக் கம்பெனியின் ஃபெடரல் பாதுகாப்பு ஸ்கோரைக் கெடுக்கும் என்று பல டிரைவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விபத்து எந்தக் கம்பெனியின் கீழ் நடந்ததோ அந்தக் கம்பெனியின் கணக்கில்தான் நிற்கும், உங்களோடு கூட வராது.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் பெரிய டிரக்கில் சாதாரணச் சரக்கைக் கூலிக்கு ஏற்றும் கம்பெனிக்குக் குறைந்தது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு இருக்க வேண்டும். அந்தக் காப்பீட்டைக் கொடுக்கும் நிறுவனம், எந்த மாதிரி டிரைவரை எடுக்கலாம் என்று தனியாக ஒரு வரையறை வைத்திருக்கும். கம்பெனி முதலாளிக்கு உங்களைப் பிடித்திருந்தாலும் அந்த வரையறைக்கு வெளியே போவது கஷ்டம். அடுத்தது வழக்கு. நாளைக்கு நீங்கள் இன்னொரு விபத்தில் சிக்கினால், எதிர்த்தரப்பு வக்கீல் "இவருக்கு ஏற்கெனவே விபத்து இருப்பது தெரிந்தும் ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதிலாகக் கம்பெனி கோப்பில் வைத்துக்கொள்ளும்படி எதையாவது நீங்கள் கொடுக்க வேண்டும். பயிற்சிச் சான்றிதழும், தெளிவாக எழுதிய விளக்கமும், சாலைத் தேர்வு நன்றாகச் செய்த பதிவும் அதற்குத்தான்.

டிரக் கவிழ்ந்த விபத்தை இன்சூரன்ஸ்காரர்கள் ரொம்பக் கடுமையாகப் பார்ப்பார்கள். வேறு வண்டி சம்பந்தப்படாமல் வளைவில் கவிழ்ந்திருந்தால் வேகம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். உங்களுடையது அந்த வகை என்றால் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எங்கே தேடுவது?

நூற்றுக்கணக்கான டிரக் வைத்திருக்கும் கம்பெனிகளில் விண்ணப்பத்தை முதலில் வடிகட்டுவது ஒரு கணினி. 3 ஆண்டுக்குள் பெரிய விபத்து என்று டிக் செய்த நொடியில் நிராகரிப்பு வந்துவிடும். அதற்காக மனம் நொந்து உட்காராதீர்கள், உங்கள் விண்ணப்பத்தை அங்கே மனிதர் யாரும் படித்திருக்கவே மாட்டார்.

ஐந்து, பத்து, இருபது டிரக் வைத்திருக்கும் கம்பெனிகளைத் தேடுங்கள். அங்கே போனை எடுப்பவரே முதலாளியாகவோ அவர் மனைவியாகவோ இருக்கலாம். இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் "இந்த ஆளைப் பார்த்தேன், விவரமெல்லாம் கொடுத்திருக்கார், சேர்க்க முடியுமா" என்று கேட்க அவர்களால் முடியும். எஃப்எம்சிஎஸ்ஏவின் சேஃபர் தளத்தில் எந்தக் கம்பெனிக்கு எத்தனை டிரக், எத்தனை டிரைவர், எத்தனை விபத்து என்று இலவசமாகப் பார்க்கலாம். போகும் முன் பாருங்கள். கிடைத்தால் போதும் என்று, பிரேக் சரியில்லாத டிரக்கைக் கொடுத்து ஓட்டிய மணிக்கணக்கைப் பொய்யாகக் காட்டச் சொல்லும் இடத்தில் மாட்டிக்கொண்டால், அடுத்த விபத்துக்கு நீங்களே வழி பண்ணிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நெடுந்தூரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மண், ஜல்லி ஏற்றும் டம்ப் டிரக், குப்பை வண்டி, கான்கிரீட் மிக்ஸர், அறுவடைக் காலத்துத் தானியச் சரக்கு என்று உள்ளூர் வேலைகள் இருக்கின்றன. டிரெய்லர்களை யார்டுக்குள்ளேயே இடம் மாற்றி நிறுத்தும் வேலையும் உண்டு. யார்டு வேலையைக் கேவலமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள் முழுக்கப் பின்னோக்கி ஓட்டுவீர்கள், மாலையில் வீட்டுக்கு வருவீர்கள், ஒரு வருடம் விபத்தில்லாமல் வேலை பார்த்ததற்கு அத்தாட்சியும் கிடைக்கும். அதே கம்பெனியிலேயே சாலைக்கு மாற்றிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

மொத்த எடைத் தகுதி 26,000 பவுண்டு வரையுள்ள பாக்ஸ் டிரக்குக்குப் பொதுவாகச் சிடிஎல் வேண்டாம். 10,001 பவுண்டிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டினால் விபத்து விசாரணை விதிகள் அங்கேயும் உண்டு, ஆனாலும் கண்டிப்பு பொதுவாகக் குறைவு.

லீஸ்-பர்ச்சேஸில் சேர்ந்தால் விபத்தைப் பார்க்காமல் எடுக்கிறார்களாமே?

கம்பெனியின் டிரக்கையே தவணையில் வாங்கிக்கொண்டு அவர்களுக்கே ஓட்டுவதுதான் லீஸ்-பர்ச்சேஸ். சில இடங்களில் எடுப்பார்கள். வேண்டாம் என்பதே என் பதில். வாரா வாரம் டிரக் தவணை, டீசல், ரிப்பேர் எல்லாம் பிடித்தது போகக் கையில் ஒன்றும் நிற்காமல், கடைசியில் டிரக்கும் இல்லாமல் வெளியே வந்தவர்கள் நிறைய. இந்த ஏற்பாட்டை ஆராய எஃப்எம்சிஎஸ்ஏ அமைத்த குழுவே இதைத் தடை செய்யப் பரிந்துரைத்திருக்கிறது. வேறு வழியில்லை என்ற நிலையில் இருப்பவரைத்தான் இது முதலில் பிடிக்கும். சொந்தமாகக் கம்பெனி நடத்த அத்தாரிட்டி என்ற ஃபெடரல் அனுமதி எடுக்கலாம் என்றாலும், புதுக் கம்பெனி, டிரைவர்மேல் விபத்து, இரண்டும் சேர்ந்தால் இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டுப்படியாகாது.

டிக்கெட் வழக்கு இன்னும் முடியவில்லை. அபராதத்தைக் கட்டி முடித்துவிடவா?

கட்டும் முன் சிடிஎல் வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். அபராதம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது. சாதாரண லைசன்ஸ் வைத்திருப்பவருக்கு வகுப்புக்குப் போனால் டிக்கெட் ரெக்கார்டில் ஏறாமல் விடும் வசதி பல மாநிலங்களில் உண்டு. சிடிஎல் வைத்திருப்பவருக்கு அந்த வசதியைக் கொடுக்கக் கூடாது என்று ஃபெடரல் விதி மாநிலங்களைத் தடுக்கிறது, நீங்கள் உங்கள் சொந்தக் காரில் போனபோது வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும் சரி. ஆகவே தீர்ப்புக்கு முன்பு போராடுவதில்தான் பலன். உயிரிழப்பு நேர்ந்த விபத்தாக இருந்தால், அதில் சின்ன டிராஃபிக் குற்றம்கூட, முதலில் சொன்ன 60 நாள், 120 நாள் தடைக்கான 'சீரியஸ்' பட்டியலில் சேர்ந்துவிடும்.

விபத்துக்குப் பிந்தைய டெஸ்டில் சிக்கல். அதற்குமேல் வழியே இல்லையா?

யாராவது இறந்திருந்தால் டெஸ்ட் கட்டாயம். காயம் அல்லது டோ மட்டும் என்றால், உங்களுக்கு டிக்கெட் கொடுத்திருந்தால்தான் கட்டாயம். மது டெஸ்ட் 8 மணி நேரத்துக்குள், போதைப்பொருள் டெஸ்ட் 32 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மறுத்தால் பாசிட்டிவ் வந்ததற்குச் சமம்.

பாசிட்டிவ் என்றால் அது 2020 ஜனவரியில் தொடங்கிய கிளியரிங்ஹவுஸ் என்ற ஃபெடரல் டெஸ்ட் பதிவேட்டில் ஏறும். எல்லாக் கம்பெனியும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். 2024 நவம்பரிலிருந்து மாநிலங்கள் அப்படிப்பட்டவரின் சிடிஎல்லையே சாதாரண லைசன்ஸாக இறக்கிவிடுகின்றன. திரும்பி வர, சாப் என்று சொல்லப்படும் தகுதிபெற்ற நிபுணரிடம் போய், அவர் சொல்லும் சிகிச்சையையோ கல்வியையோ முடித்து, மேற்பார்வையில் எடுக்கும் டெஸ்டில் நெகட்டிவ் காட்ட வேண்டும். வேலையில் சேர்ந்தபின் முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 முறை சொல்லாமல் கொள்ளாமல் டெஸ்ட் வைப்பார்கள். செலவும் காலமும் பிடிக்கும் பாதைதான். ஆனால் பாதை இருக்கிறது, தள்ளிப்போடுவதால் ஒரு நாளும் குறையாது.

அந்த விபத்தில் ஒருவர் இறந்துவிட்டார். வேலை கிடைத்தாலும் ஸ்டீயரிங்கைத் தொட முடியுமா என்று தெரியவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். தவறு யார்மேல் இருந்தாலும் அந்தக் கணம் கண்ணை மூடினால் வந்து நிற்கும், தூக்கம் போகும், பிரேக் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கும். இது உங்கள் பலவீனம் இல்லை. இப்படி ஒரு சம்பவத்தைக் கண்ணெதிரே பார்த்தவருக்கு வருவதுதான், சிகிச்சையால் குறையக் கூடியதும்கூட. மனநல ஆலோசகரிடம் போங்கள். போனால், ஓட்ட உடல்தகுதி உண்டு என்று மருத்துவப் பரிசோதனையில் தரும் மெடிக்கல் கார்டு போய்விடும் என்று பயப்படுகிறார்கள். ஆலோசனைக்குப் போவது மட்டும் யாரையும் தகுதிநீக்கம் செய்வதில்லை. மருந்து எடுத்தால் அதைப் பரிசோதனையில் மறைக்காமல் சொல்லுங்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் ஓட்டுவதற்குத் தடையில்லை என்று கடிதம் வாங்கி வையுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழையுங்கள். பகலோ இரவோ எப்போதும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.

வேலைக்குத் திரும்ப அவசரப்பட வேண்டாம் என்று சொல்வது எளிது, வீட்டு வாடகை காத்திருக்காது என்பதும் தெரியும். கூட ஒருவர் உட்கார்ந்து சில நாள் ஓட்டவிடும் கம்பெனி கிடைத்தால் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப ஓட்டவே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அது தோல்வி இல்லை. டிஸ்பாட்ச், டிரெய்லர் ரிப்பேர், பயிற்சிப் பள்ளி என்று உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உள்ள இடங்கள் இருக்கின்றன.

வேலையில்லாமல் பல மாதம் போய்விட்டது. அது பாதிக்குமா?

பாதிக்கும். சமீபத்திய அனுபவம் எவ்வளவு என்று இன்சூரன்ஸ் பார்க்கும். இடைவெளி நீண்டால் ரிஃப்ரெஷர் கோர்ஸ் முடித்துவிட்டு வா என்பார்கள். அதனால் சின்ன வேலையானாலும் ஓட்டும் வேலையாகப் பிடித்துக்கொள்வது நல்லது. இடைவெளியில் என்ன செய்தீர்களோ அதை அப்படியே எழுதுங்கள், இல்லாத வேலையை இட்டுக்கட்ட வேண்டாம்.

பழையபடி பெரிய கம்பெனிக்கு எப்போது போகலாம்?

விபத்து நடந்து 3 ஆண்டு முடிந்ததும் ஒரு கதவு திறக்கும். ஃபெடரல் விதிப்படி விண்ணப்பத்தில் எழுத வேண்டிய காலமும், பழைய கம்பெனியை விசாரிக்க வேண்டிய காலமும் அப்போது தாண்டிவிடும். பிஎஸ்பியில் மட்டும் இன்னும் 2 ஆண்டு இருக்கும், ஆகவே கேட்டால் அதே விளக்கத்தை அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். உங்கள் நோட்டை எடுத்து, 3 ஆண்டு என்று சொன்ன கம்பெனிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடுங்கள்.

5 ஆண்டு நிறைந்ததும் உடனே விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள். பிஎஸ்பி தகவல் மாதத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். ஒரு மாதம் பொறுத்து, 10 டாலர் கட்டி உங்கள் அறிக்கையை மறுபடி வாங்கிப் பாருங்கள். விபத்து அதிலிருந்து விழுந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள். டாக் அறிக்கையையும் கூடவே வாங்கிப் பார்த்துவிடுங்கள், அதன் காலக்கணக்கு வேறு.